ஏசி அறையில் நான் உட்காரவைத்த மகளுக்கு

அன்பு மகளே, ஏழு கடலின் உப்பையும் நக்கிப் பார்த்தவளே, பாய்மர உச்சியில் அமர்ந்து பருந்துக்கு வழி சொல்பவளே, அறந்தாங்கித் தாலுகாவில் பிறந்த எவரும் எட்டாத உயரத்தை எட்டியவளே! உன் அப்பன் எழுதுகிறேன். ஒருவன் இவ்வளவு புகழ்ந்து கடிதத்தைத் தொடங்கினால் அவன் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்பது உனக்குத் தெரியாததா? செய்துவிட்டேன். "போன்ல சொல்லித் தொலைங்களேன்" என்றாள் உன் அம்மா. போனில் நான் "அது வந்து ஆத்தா" என்று தொடங்குவேன், "என்னப்பா செஞ்சீங்க?" என்று நீ கேட்பாய், உன் குரலைக் கேட்ட மறுநொடி எனக்குப் புதிதாக ஒரு பொய் ஊறிவிடும். காகிதத்தில் அந்த ஆபத்து குறைவு. பேனா மை தீரும், கை வலிக்கும், பொய்க்கு அவ்வளவு மெனக்கெட முடியாது. பதினொரு பக்கம் எழுதுவதாக உத்தேசம். உன் அம்மா தன் போனில் படம் பிடித்து அனுப்புவாள். அவள் படிப்பாள், அவள் தங்கை படிப்பாள், நாளைக்குள் தெருவே படித்துவிடும். படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளை இரவு நீ துபாயில் விமானம் ஏற வேண்டும். இரண்டாம் பக்கத்திலேயே டிக்கெட்டைக் கேன்சல் செய்ய உன் விரல் துடிக்கும். கடைசிப் பக்கம் வரை அந்த விரலை மடக்கி வைத்துக்கொள்.

போன மாதம், அரிமளத்து வரனைப் பற்றிப் பேசும்போது, நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, அரிமளத்துக்காரங்கக்கிட்ட என் வேலையச் சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். "பாய்மரத்துல ஏறுறத?" எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். "அவங்க என்ன சொன்னாங்க?" ஆச்சரியப்பட்டார்கள் என்றேன். "அப்படின்னா ஞாயித்துக்கிழமை அவங்க வரட்டும். தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க முன்னாடிதான் நான் நிப்பேன். போன வரன் மாதிரி, எல்லாம் பேசி முடிச்சப்பறம் 'இனிமே ஏறமாட்டியேம்மா'ன்னு கேக்குறவங்க முன்னாடி இன்னொரு தடவை நிக்க என்னால முடியாதுப்பா" என்றாய். உண்மையைச் சொல்கிறேன் தாயி. நான் சொல்லவில்லை. அரிமளத்து மனிதர்களுக்கு நீ ஒரு ஆபீஸில், ஏசி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. உன்னை அங்கே உட்காரவைத்தவன் நான்.

நடந்தது இதுதான். இலுப்பூரில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, உனக்குப் பேசும் அரிமளத்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா. அவர் பேசுவது பக்கத்திலிருக்கும் அப்பளத்துக்குக்கூடக் கேட்காது, அவ்வளவு சாந்தம். நானோ அன்று உச்சக்கட்ட ஃபார்மில் இருந்தேன். கோட்டைப்பட்டினம் கடலில் திமிங்கலத்துக்குப் பல் விளக்கிவிட்ட வரலாற்றைச் சொல்லி முடித்திருந்தேன். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளிக்காரர் ஊற்ற மறந்து நின்றார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "பொண்ணு என்ன வேலை பாக்குதுண்ணே?" மகளே, நினைத்துப் பார். இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் அடுத்தவன் படகைத் துடைத்துவிட்டு வந்து, நான்தான் படகையே கண்டுபிடித்தவன் என்று ஊரை நம்பவைத்தவன் நான். எலியை யானையாக்கி, யானையைக் கோபுரமாக்கி விற்றவன். என் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்னாலே ஊர் வாயைப் பிளக்கும்படி ஒரு உண்மை என் கையில் இருந்தது. அப்போது என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஆபீஸ் வேலைதான் தங்கச்சி. ஏசி ரூம்பு. கம்ப்யூட்டர்." இல்லாததையெல்லாம் பெரிதாக்கியவன், இருந்த ஒன்றைச் சின்னதாக்கினேன். ஏன் என்று கேட்காதே. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், இந்த வரனும் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. பயந்தவனுக்குப் புளுகக்கூட வராது ஆத்தா.

இரண்டு நாளில் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். போட்டேன். எடுத்தவர் மாப்பிள்ளையின் அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள், "மச்சான், பாப்பா ஆபீஸு எத்தனாவது மாடி?" என்றார். உன் இருபத்தெட்டு மீட்டர் பாய்மரத்தை மனதுக்குள் மாடியாக மாற்றிக் கணக்குப் போட்டு, "ஒம்பதாவது மாடி" என்றேன். உயரத்தில் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள். "ஜன்னல் கின்னல் உண்டா?" என்றார். "நாலு பக்கமும் ஜன்னல்தான் மச்சான்" என்றேன். "காத்து?" "காத்துக்கு ஒரு குறையும் இல்ல." அவர் சிறிது யோசித்துவிட்டு, "ஏசியப் போட்டுக்கிட்டு எதுக்கு மச்சான் ஜன்னலத் தொறக்குறாக? கரண்டு பில்லு என்னத்துக்காகும்?" என்றார். துபாயில் மின்சாரம் இலவசம் என்றேன். இப்படியாக, இறக்க நினைத்துப் போட்ட போனில் பொய் இன்னும் இறுகியது. அடுத்த வாரம் மறுபடி போட்டேன். அந்த ஆபீஸுக்குக் கேன்டீன் வந்தது. அதற்கடுத்த வாரம் உனக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருத்தி மலேசியாக்காரி, அவளுக்குத் தலைவலி. உன் அம்மா பக்கத்திலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்தப் புள்ள எங்கிட்டோ போயி கொடிமர ஒசரத்துல லாக்கு மாட்டுது. ஒங்க வாய்க்கு ஒரு லாக்கு மாட்டச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

கடைசியில் என்னை உடைத்தது ஒரு சால்வை. முந்தாநாள் அந்த அம்மாவே போன் செய்தார். திருச்சிக்குப் போனபோது உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறாராம். "எட்டு மணி நேரம் ஏசியில உக்காந்தா புள்ளைக்குத் தோளெல்லாம் புடிச்சுக்குமேண்ணே" என்றார். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், நெற்றி வியர்வை கண்ணில் வடிய, ஒரு கையில் துளைக்கருவியோடு தொங்கும் என் மகளுக்குக் கம்பளிச் சால்வை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே இறங்கவில்லை, மூன்று தோசைதான் சாப்பிட்டேன்.

இனி இந்தக் கடிதத்தை வழியில் பிடித்துப் படிக்கும் தெருவாருக்காக ஒரு வார்த்தை. என் மகள் மாட்டுவது கதவுக்குப் போடும் பூட்டு இல்லை. பாய்மரப் படகில் பாயை மேலே ஏற்ற ஒரு கயிறு உண்டு. அது உச்சியில் கப்பியைச் சுற்றிக் கீழே வரும். பாய் ஒரு பக்கம் ஒரு டன் இழுத்தால், கயிறு மறுபக்கம் ஒரு டன் இழுக்கும். நடுவில் நிற்கும் மரம் இரண்டு டன்னையும் தலையில் சுமக்கும். கயிறும் சும்மா இராது, காற்று ஏற ஏற நீளும், பாய் தொய்யும். அதற்காக உச்சியிலேயே ஒரு கொக்கியை வைக்கிறார்கள். ஹாலியார்ட் லாக் என்று பெயர். கயிற்றில் ஒரு உலோகக் குமிழ் இருக்கும். பாயை ஏற்றும்போது குமிழ் கொக்கியைத் தாண்டும். கயிற்றைச் சற்றே விட்டால் கொக்கி கவ்விக்கொள்ளும். அதன் பிறகு பாயின் பாரமெல்லாம் உச்சியில். கீழே இருக்கும் கயிறு வேலையில்லாத மருமகன் மாதிரி சும்மா கிடக்கும். இறக்க வேண்டுமென்றால் கீழே இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க இறுகும். முதலில் ஒரு சாண் மேலே ஏற்றி, பாரத்தை எடுத்த பிறகுதான் கொக்கி விடும். இது தெரியாதவன் யானையைக் கட்டி இழுத்தாலும் பாய் இறங்காது. இதைப் படகின் மேல் இருபத்திரண்டு வருடம் இருந்த நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது இன்றைய இரண்டாவது பாவமன்னிப்பு.

உனக்கு எட்டு வயதில் ஒரு கதை சொன்னேன். சுறா வந்து பாய்மர உச்சியிலிருந்த லாக்கைக் கடித்துவிட்டது, அதனால் புயலில் பாய் இறங்காமல் போய், நான் சுறாவின் முதுகிலேயே ஏறி உச்சிக்குப் போய்ச் சரிசெய்தேன் என்று. நீ இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "உச்சிக்குச் சொறா எப்படிப்பா வரும்?" என்றாய். "இது ஏறுற சொறா" என்றேன். நீ நம்பவில்லை. அந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்து, துபாய் போய், உச்சி வரை ஏறிப் பார்த்தாய் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த படகில் புது லாக் மாட்டியிருந்தார்கள். அதைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவு, வேறெதுவும் தடவாதே என்று புத்தகத்தில் எழுதியிருந்ததாம். நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. நம் ஊரில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய் விடுவோம். விட்டேன். ஊரிலிருந்து உன் அம்மா கொடுத்தனுப்பிய முழு பாட்டிலையும் விட்டேன். பாலைவனத்துப் புழுதி வந்து அதில் உட்கார்ந்தது. நான்கு நாளில் உச்சியில் ஒரு படி அல்வா.

முதலாளியின் விருந்தாளிகள் படகில் இருக்கும்போது காற்று எழுந்தது. பாயை இறக்கச் சொன்னார் கேப்டன். இழுத்தோம். வரவில்லை. ஆறு பேர் கயிற்றில் தொங்கினோம். படகு சாய்ந்தது, விருந்தாளிகளின் பிரியாணித் தட்டுகள் வரிசையாகக் கடலுக்கு நடந்து போயின. அடுப்படியிலிருந்து மலையாளச் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "எந்தா சேட்டா இது? மேலே வலிக்கூ, மேலே!" என்று கத்தினார். அரிசி வேகும் நேரங்களில் பொழுது போகாமல் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்த ஒரே ஆள் அவர்தான். மேலே இழுத்தோம். சரியாகத்தான் சொன்னார், ஆனால் அல்வா விடவில்லை. கெண்டியில் வெந்நீரோடு என்னை உச்சிக்கு ஏற்றி, அரை மணி நேரம் கழுவின பிறகுதான் பாய் இறங்கியது. இறங்கியதும் கேப்டன் கேட்டார், என்ன ஆயிற்று என்று. "லாக் சரியில்லை சார்" என்றேன். செய்து அனுப்பிய கம்பெனிக்காரன் மன்னிப்புக் கடிதத்தோடு புது லாக்கு அனுப்பிவைத்தான். பாவம், யார் பெற்ற பிள்ளையோ. அவனுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. சுறாவுக்கும்தான்.

அதிலும் நான் திருந்தினேனா? இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறைக்கு வந்தபோது, கழற்றிப்போட்ட பழைய லாக் ஒன்றைக் கொண்டுவந்து, "சும்மா பாத்துட்டு வைங்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனாய். என் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுச் சும்மா பார் என்பது, பூனைக்குக் கருவாட்டைக் காட்டி வாசம் மட்டும் பிடி என்பது போல. மாரியம்மன் திருவிழா வந்தது. மைக்செட்காரர் வருடாவருடம் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட வேப்ப மரத்தில் ஏறிச் சிராய்த்துக்கொள்வார். நான் நாற்பதடி இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் உன் லாக்கை மாட்டி, ஸ்பீக்கரைக் கயிற்றில் ஏற்றினேன். 'டக்' என்று பிடித்துக்கொண்டது. ஊரே கைதட்டியது. கமிட்டிக்காரர்கள் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். விழா முடிந்தது. ஸ்பீக்கர் இறங்கவில்லை. மறுநாள் மைக்செட்காரருக்கு வேறு ஊரில் காதுகுத்து. அவர் அழாத குறை. நான் ஊரில் இல்லை, உன் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், இளவட்டங்கள் கயிற்றை டிராக்டரில் கட்டிக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாய் வில்லாக வளைந்து நிற்கிறது. கயிறு மட்டும் அறுந்திருந்தால் ஸ்பீக்கர் நேராக இலங்கையில் போய் விழுந்திருக்கும். எப்படி இறக்குவது என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியும், ஆனால் பதற்றத்தில் மறந்துவிட்டது. உனக்கு வீடியோ கால் போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மைக்செட்காரர் போனை மைக் பக்கத்தில் வைத்தார்.

உச்சியில் மாட்டிக்கிடந்த அந்த ஸ்பீக்கரிலிருந்தே உன் குரல் வந்தது. "யாரும் கீழ இழுக்காதீங்க! நிறுத்துங்க! மேல ஏத்துங்க, ஒரு சாண் மேல ஏத்துங்க!" கோயில் வாசலில் நின்ற ஒரு ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டார், இன்னொருவர் சூடம் வாங்க ஓடினார். டிராக்டர் ஓட்டியவன் இறங்கியே ஓடிவிட்டான். ஒரு சாண் மேலே ஏற்றினோம். விடவில்லை. ஆகாயத்திலிருந்து உன் குரல் மறுபடி கேட்டது: "அப்பா, உண்மையச் சொல்லுங்க. வெளக்கெண்ணெய் போட்டீங்களா?" மூன்று தெருவுக்கும் கேட்டது. அன்றைக்குத் தொடங்கி, பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கப் போனால்கூட "மாமா, வெளக்கெண்ணெய் வேணுமா?" என்று கேட்கிறார்கள். என் உள்ளத்தில் அன்று வந்தது அவமானம் இல்லை தாயி. நாற்பதடி உயரத்திலிருந்து ஊருக்கே உத்தரவு போடும் குரல் என் மகளுடையது என்று நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன். அந்த நெஞ்சோடு இலுப்பூர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கல்யாணம் என்று பேச்சு வந்துவிட்டதால் அப்பன் என்ற முறையில் சில புத்திமதிகள் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லித்தந்தது. எஃகையும் அலுமினியத்தையும் நேரடியாக ஒட்டவைத்தால் உப்புக் காற்றில் ஒன்றையொன்று அரித்துத் தின்றுவிடும், நடுவில் ஒரு பசை தடவிவிட்டுத்தான் லாக்கை மரத்தில் வைப்பேன் என்று ஒருமுறை சொன்னாய். உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே அடுப்படியில் இருந்த பதினாறு வருடமும், லீவில் பாதி போனில் பாதியாக, அந்தப் பசை நான்தான். பசைக்கு நியாயம் அநியாயம் தெரியக் கூடாது. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நீ கட்டிக்கொள்பவனுக்கு அது தெரியுமா என்று மட்டும் பார்த்துக்கொள். அப்புறம், உச்சியில் குமிழ் கவ்விவிட்டதா இல்லையா என்று தளத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அதனால் கயிற்றில் ஒரு இடத்தில் கறுப்பு நூலால் அடையாளம் சுற்றி வைப்பாயாமே. வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும். உன் அம்மாவின் அடையாளம், அவள் டம்ளரை வைக்கும் சத்தம். மெதுவாக வைத்தால் எல்லாம் சரி. 'நங்'கென்று வைத்தால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். நான் ஊரில் இருந்த நாளெல்லாம் இப்படித்தான் ஓடியது. கோபம் வந்தால் எண்ணெய் போட்டு வழுக்கவிடாதே. நல்ல தண்ணீரில் அன்றன்றைக்குக் கழுவிவிடு. எண்ணெய் போட்டவன் கதியைத்தான் மேலே பார்த்தாயே.

இனி இன்று காலை நடந்தது. எழுந்தேன், குளித்தேன், விபூதி பூசினேன், இரண்டு பஸ் மாறி அரிமளம் போனேன். போகும் வழியெல்லாம் யோசித்தேன். அந்த ஏசி அறையைப் பிடித்துக் கீழே இழுப்பதால் பயனில்லை. போனில் இழுத்துப் பார்த்துவிட்டேன். இந்த முறை அதைவிட மேலே, நீ நிஜமாக இருக்கும் இடத்துக்கு, உன்னை ஏற்றிவிட வேண்டியதுதான். மாப்பிள்ளை கல்லூரி வேலைக்குப் போயிருந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். டீ வந்தது. எழுந்து நின்றேன். "மச்சான், தங்கச்சி, நான் சொன்னது பொய். அந்தச் சால்வைய கடையில திருப்பிக் குடுத்துருங்க. எம்மக ஏசியில இல்ல. எம்மக படகுல வேலை பாக்குது. இருவத்தெட்டு மீட்டர் ஒசரப் பாய்மரத்துல கயித்துல தொங்கிக்கிட்டு, உச்சியில தொளை போட்டு, லாக்கு மாட்டுது. மரத்துக்கும் லாக்குக்கும் ஒரு நூல் அளவு கோணலாயிருந்தாலும் கயிறு உள்ள போகாது, அத கண்ணாலயே நேர் பாத்து மாட்டுது" என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை. சத்தியமாக ஒரு மீட்டர்கூடக் கூட்டவில்லை.

மச்சான் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், டீ மூக்கு வழியே வந்தது. "அய்யோ மச்சான்! திமிங்கலத்துக்குப் பல்லு வெளக்குனப்பவே நெனச்சேன், இன்னும் பெருசா ஒண்ணு வரும்னு!" தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "உண்மை மச்சான்" என்றேன். "இப்படி மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க நீங்க!" என்றார். உச்சியிலிருந்து நீ எடுத்தனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன்; அதில் உன் இரண்டு கால்களும், கீழே வெள்ளரிப்பிஞ்சு மாதிரி படகும், கடலும். "இது ஏரோபிளேன்ல எடுத்தது" என்றார். மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். "அம்மனுக்கும் ஒங்களப் பத்தித் தெரியும் மச்சான், விட்டுருங்க" என்றார். முப்பது வருடம் நான் சொன்ன புளுகையெல்லாம் நம்பிய உலகம், நான் சொன்ன முதல் உண்மைக்கு விழுந்து விழுந்து சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன் மகளே. போன் போட்டு உன்னிடம் என்ன சொல்வது? சொன்னேன், நம்பவில்லை என்றா? தெரிந்துகொண்டு வருபவர்கள் முன்னால்தான் நிற்பேன் என்றாய். சிரித்துக்கொண்டு வருபவர்கள் முன்னால் உன்னை எப்படி நிறுத்துவது?

மச்சான் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். தூரத்திலிருந்தும் சிரிப்பு கேட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. நிலைப்படியில் சாய்ந்து, காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் கையிலிருந்த போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே."

"சொல்லு தங்கச்சி."

"ஒருக்கா ஏறுனா எம்புட்டு நேரம் மேல இருக்கும் புள்ள?"

"மூணு மணி நேரம். செல நாளு நாலு."

"கூட ஆளு?"

"கீழ ஒருத்தர் கயிறு புடிச்சு நிப்பாரு. மேல இவ ஒருத்திதான்."

அவர் கொல்லைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலை இன்னும் தணித்தார். நான் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அம்புட்டு நேரத்துல ஒண்ணுக்கு வந்துச்சுன்னா புள்ள என்ன செய்யும்ணே?"

மகளே, இருபத்திரண்டு வருடக் கப்பல் கதைகளை நான் சொல்லாத ஊர் இல்லை. பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன். வாயைப் பிளந்தவர்கள் உண்டு, கைதட்டியவர்கள் உண்டு. இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. கதையாகக் கேட்பவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. உன்னை மனதுக்குள் அந்த உச்சியில் ஏற்றி, இடுப்பில் கயிறு கட்டி, வெயிலில் மூன்று மணி நேரம் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும்தான் வரும். "தெரியலையே தங்கச்சி" என்றேன். அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல் தடவை. உன் அம்மா இதைப் படம் பிடிக்கும்போது நம்பாமல் இரண்டு முறை படிப்பாள். "பரவால்ல. ஞாயித்துக்கிழமை நானே கேட்டுக்கிறேன்" என்றார் அந்த அம்மா. "ஆம்பளைங்க இல்லாத நேரமாப் பாத்து."

அதனால் வா ஆத்தா. ஒரு ஆள் தெரிந்துகொண்டுதான் வருகிறார். அவருக்குப் பதில் சொல்ல வா. என்ன சொன்னாய் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே, அதையும் பெரிதாக்கிவிடுவேன்.

உன் அப்பன்